கண்ணாடியில் ஒரு எக்ஸெல் ஷீட்: துப்பாக்கி ஸ்கோப்பின் கோடுகளைப் படிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் வேர்டும் எக்ஸெலும் திறக்கப்படுவதற்கு முன்பே கேம்ஸ் ஓட ஆரம்பித்துவிடும். 2000-ல் வந்த 'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.'யில் டிராகுனோவ் துப்பாக்கியை எடுத்து ஸ்கோப் வழியாகப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' ஆடியவர்களுக்கும் அந்தக் குறுக்குக் கோடு நன்கு பழக்கம். கோட்டின் நடுவில் இலக்கை வைத்து மவுஸைத் தட்டினால் போதும், குண்டு போய்ச் சேர்ந்துவிடும்.

நிஜத் துப்பாக்கியில் அப்படிச் சேராது. குண்டு போகப் போக வேகம் குறையும், புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நீண்ட தூரத்துக்கான ஸ்கோப்புகளில் குறுக்குக் கோட்டுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள், சிறு கோடுகள், சிலவற்றில் எண்கள்கூட இருக்கும். இந்த அமைப்புக்கு ரெட்டிகிள் என்று பெயர். இந்தக் கோடுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் துப்பாக்கி இல்லாமலே, உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எக்ஸெல் வைத்துக் கற்றுக்கொள்ளலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தவும். இரண்டிலும் முறை ஒன்றுதான்.

முதலில் ஒரு சட்ட விஷயம். நம் நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். இந்தக் கட்டுரை கணக்கைப் புரிந்துகொள்வதற்கு மட்டும்.

மில் என்றால் என்ன?

ரெட்டிகிளின் அளவு மில். இது மில்லிமீட்டர் அல்ல, மில்லிரேடியன். அதாவது கோணம். பயப்பட வேண்டாம், ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நினைவில் வைத்தால் போதும். 1,000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் அகலமுள்ள பொருள் 1 மில் தெரியும். 100 மீட்டரில் 10 செ.மீ. பொருளும் 1 மில்தான். உங்கள் மானிட்டரிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திரையில் உள்ள 1 மி.மீ. கோடு உங்கள் கண்ணுக்கு 1 மில். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரை மேல் வைத்துவிட்டு ஒரு மீட்டர் பின்னால் வந்து பாருங்கள். ஒரு மில் எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் உறைக்கும்.

இதிலிருந்து தூரம் காணும் சூத்திரம் கிடைக்கிறது. பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து 1,000-ஆல் பெருக்கி, ஸ்கோப்பில் தெரியும் மில்லால் வகுக்கவும். வருவது மீட்டரில் தூரம்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புதிதல்ல. சுரங்கத்தில் சர்வே பிரிவில் வேலை பார்த்த அப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். இப்போது டோட்டல் ஸ்டேஷனும் ஜி.பி.எஸ்.ஸும் வந்துவிட்டன. அதற்கு முன் தியோடலைட்டிலும் லெவல் கருவியிலும் நடுக் கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு சின்னக் கோடுகள் இருக்கும். அவற்றுக்கு ஸ்டேடியா ஹேர் என்று பெயர். எதிரே ஒருவர் அளவுக்கோலைப் பிடித்து நிற்பார். மேல் கோட்டிலும் கீழ் கோட்டிலும் தெரியும் அளவுகளைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் தூரம். அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவர்கள் எல்லோரும் இதைச் செய்திருப்பார்கள். சர்வேயரின் கருவியும் ஸ்னைப்பரின் ஸ்கோப்பும் இந்த விஷயத்தில் ஒரே வகுப்பில் படித்தவை.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. சர்வேயர் எதிரே நிறுத்துவது அளவு குறிக்கப்பட்ட கோல். ஸ்கோப்பில் பார்ப்பவருக்கு அப்படி யாரும் கோல் பிடித்து நிற்பதில்லை. எதிரே இருக்கும் பொருளின் உயரத்தை அவரே அனுமானிக்க வேண்டும். பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

வீட்டில் ஒரு சோதனை

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓட்டையில் நூல் கட்டி, முடிச்சிலிருந்து 50 செ.மீ. அளந்து வெட்டிக்கொள்ளவும். நூலின் நுனியைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்து, ஸ்கேலை முன்னால் நீட்டினால் ஸ்கேல் கண்ணிலிருந்து அரை மீட்டரில் இருக்கும். அப்போது ஸ்கேலில் 1 மி.மீ. என்பது 2 மில். நம் டவுன்ஷிப்பில் நீளமான நேர் சாலைகளுக்குப் பஞ்சமே இல்லை. வண்டி வராத நேரமாகப் பார்த்து, தம்பியையோ தங்கையையோ 1 மீட்டர் குச்சியுடன் தள்ளி நிற்கச் சொல்லவும். குச்சி ஸ்கேலில் 10 மி.மீ. தெரிந்தால் 20 மில், தூரம் 50 மீட்டர். பிறகு டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு மி.மீ. தவறாகப் படித்து 9 என்று எழுதினால் விடை 55.6 மீட்டராகிவிடும். இந்த ஒரு மில்லிமீட்டரை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

எக்ஸெலில் குண்டு விழும் கணக்கு

புதிய ஷீட் ஒன்றைத் திறக்கவும். முதல் வரிசையில் ஏ, பி, சி, டி, ஈ கட்டங்களில் முறையே தூரம், வேகம், சரிவு, வீழ்ச்சி, மில் என்று தலைப்பு இடவும். சற்றுத் தள்ளி ஜி1 கட்டத்தில் 0.99 என்று டைப் செய்யவும். நாம் எடுத்துக்கொள்ளும் கற்பனைத் துப்பாக்கியின் குண்டு ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தன் வேகத்தில் 1 சதவீதம் இழக்கிறது என்பதுதான் இந்த எண். நிஜத்தில் இந்த இழப்பு வேகத்தைப் பொறுத்து மாறும். கற்றுக்கொள்ள இது போதும்.

இரண்டாவது வரிசையில் தூரம் 0, வேகம் 800 (நொடிக்கு இத்தனை மீட்டர்), சரிவு 0, வீழ்ச்சி 0 என்று அடிக்கவும். மூன்றாவது வரிசையில்தான் சூத்திரங்கள். கட்டங்களின் பெயரை டைப் செய்ய வேண்டியதில்லை, மவுஸால் அந்தக் கட்டத்தை க்ளிக் செய்தால் பெயர் தானாக விழும்.

ஏ3-ல் சமக்குறி அடித்து, ஏ2-ஐ க்ளிக் செய்து, +10 அடித்து என்டர் தட்டவும்.

பி3-ல் சமக்குறி, பி2 க்ளிக், பெருக்கல் குறி (*), ஜி1 க்ளிக். உடனே கீபோர்டின் மேல் வரிசையில் உள்ள எஃப்4 கீயைத் தட்டவும். டாலர் குறிகள் தோன்றும். பிறகு என்டர். இந்த டாலர் குறிகள்தான் ஜி1-ஐப் பூட்டி வைக்கின்றன. பூட்டாமல் கீழே இழுத்தால் எக்ஸெல் ஜி2, ஜி3 என்று தேடிப் போகும். அங்கே ஒன்றும் இல்லை, வேகம் பூஜ்ஜியமாகி மீதி எல்லாம் பிழைச் செய்தியாகும். (சில லேப்டாப்புகளில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.)

சி3-ல் சமக்குறி, சி2 க்ளிக், +98/ அடித்து, பி2 க்ளிக், / அடித்து, மறுபடியும் பி2 க்ளிக், என்டர். சரிவு என்பது, குண்டு ஒரு மீட்டர் முன்னே போகும்போது எத்தனை மீட்டர் கீழே இறங்குகிறது என்ற விகிதம். புவியீர்ப்பு 9.8, அதை 10 மீட்டரால் பெருக்கியதால் 98. வேகம் குறைந்தால் குண்டு அந்த 10 மீட்டரைக் கடக்க அதிக நேரம் எடுக்கும், புவியீர்ப்புக்கு அதிக நேரம் கிடைக்கும். அதனால்தான் வேகத்தால் இரண்டு முறை வகுக்கிறோம்.

டி3-ல் சமக்குறி, டி2 க்ளிக், +5*( அடித்து, சி2 க்ளிக், + அடித்து, சி3 க்ளிக், ) அடித்து என்டர். இரண்டு சரிவுகளின் சராசரியை 10 மீட்டரால் பெருக்குகிறோம், அவ்வளவுதான்.

இப்போது ஏ3 முதல் டி3 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து 62-வது வரிசை வரை இழுத்து விடவும். 600 மீட்டர் வரை அட்டவணை தயார். 500 மீட்டர் உள்ள 52-வது வரிசையைப் பாருங்கள். வீழ்ச்சி 2.73 மீட்டர். ஓர் ஆள் உயரத்தையும் தாண்டிய வீழ்ச்சி! ஜி1-ல் 0.99-ஐ 1 என்று மாற்றினால் காற்றே இல்லாத உலகம், அங்கே வீழ்ச்சி 1.91 மீட்டர்தான். பார்த்துவிட்டு மீண்டும் 0.99 ஆக்கவும்.

இனி மில். துப்பாக்கியை 100 மீட்டருக்குச் சரிசெய்து வைத்திருப்பதாகக் கொள்வோம். அதாவது 100 மீட்டரில் குறுக்குக் கோட்டின் நடுவிலேயே குண்டு படும். ஸ்கோப் குழலுக்கு மேலே சில செ.மீ. உயரத்தில் இருப்பதை இங்கே விட்டுவிடுகிறேன். ஈ12 கட்டத்தில் =1000*( அடித்து, டி12 க்ளிக், / அடித்து, ஏ12 க்ளிக், - அடித்து, மறுபடி டி12 க்ளிக் செய்து எஃப்4, / அடித்து, ஏ12 க்ளிக் செய்து எஃப்4, ) அடித்து என்டர். இதைக் கீழே இழுத்தால் கிடைப்பது: 200 மீட்டருக்கு 0.93, 300-க்கு 2.00, 400-க்கு 3.23, 500-க்கு 4.64, 600-க்கு 6.28 மில்.

இடைவெளி சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். 200-க்கும் 300-க்கும் இடையே 1.07 மில், 500-க்கும் 600-க்கும் இடையே 1.64. கண் மதிப்பில் "நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி" என்று வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வகை ரெட்டிகிள்

சந்தையில் ரெட்டிகிள்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் அடிப்படையில் இரண்டு வகைதான்.

ஒன்று, மில் அளவு மட்டும் உள்ளது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க மரீன் படைக்காக வந்த மில்-டாட் இந்த வகை. புள்ளிகள் ஒரு மில் இடைவெளியில் இருக்கும். எந்தத் தூரத்துக்கு எத்தனை மில் என்பதை நீங்கள்தான் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, தூரத்தையே எழுதி வைத்தது. பி.டி.சி. என்பார்கள். முதல் கோடு 200, அடுத்தது 300, அதற்கடுத்தது 400 என்று. பார்த்தவுடன் பயன்படுத்தலாம், கணக்கே வேண்டாம். அதனால் புதியவர்கள் இதைத்தான் விரும்புவார்கள்.

எக்ஸெல் பழகியவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம். மில் ரெட்டிகிள் என்பது சூத்திரம் உயிரோடு இருக்கும் ஷீட். பி.டி.சி. என்பது காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுத்து ஒட்டிய ஷீட். எண்கள் அப்படியே இருக்கும், ஆனால் ஜி1-ஐ மாற்றினால் அவை மாறாது. தயாரிப்பாளர் எந்தக் குண்டுக்கு, எந்த வேகத்துக்கு, எந்தக் காற்றுக்குக் கணக்குப் போட்டாரோ அதுவே கண்ணாடியில் செதுக்கப்பட்டுவிட்டது.

ஐ.ஜி.ஐ.யில் பார்த்த டிராகுனோவை எடுத்துக்கொள்வோம். 1963-ல் சோவியத் ராணுவத்தில் சேர்ந்த துப்பாக்கி, நம் ராணுவமும் பயன்படுத்தியது. அதன் பி.எஸ்.ஓ.-1 ஸ்கோப்பில் கீழே இடப் பக்கம் ஒரு நேர்க்கோடும் அதன் மேல் சரிந்து செல்லும் ஒரு வளைகோடும் இருக்கும். 2, 4, 6, 8, 10 என்று எண்கள். 1.7 மீட்டர் உயர மனிதனின் பாதம் நேர்க்கோட்டிலும் தலை வளைகோட்டிலும் தொடும் இடத்தில் உள்ள எண்ணை 100-ஆல் பெருக்கினால் தூரம். இந்த வளைகோட்டை நீங்களே வரையலாம். ஒரு புதிய ஷீட்டில் 200 முதல் 1,000 வரை தூரங்களை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 1700-ஐத் தூரத்தால் வகுக்கவும். 8.5, 4.25, 2.83, 2.13, 1.7 என்று வரும். இதற்கு ஒரு லைன் சார்ட் போடுங்கள். திரையில் வருவது அதே வளைவு! கம்ப்யூட்டர் வீடுகளுக்கு வராத காலத்தில் கண்ணாடியில் பொறித்த சார்ட் அது. வேலைப்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 1.7 என்ற எண் அதற்குள் பூட்டப்பட்டிருக்கிறது. எதிரே இருப்பவர் குட்டையாக இருந்தாலோ, முழங்கால் வரை புல்லில் நின்றாலோ, ஸ்கோப் காட்டுவது தவறான தூரம்.

நம் மாநிலத்திலேயே இந்தத் துறை இருக்கிறது. விருத்தாசலம் போய் ரயில் மாறினால் வரும் திருச்சியில், படைக்கலத் தொழிற்சாலையில், 'வித்வன்சக்' என்ற நெடுந்தூரப் பெருந்துப்பாக்கி உருவானது. ஸ்கோப் போன்ற கண்ணாடிக் கருவிகள் பெரும்பாலும் டேராடூன் தொழிற்சாலைகளின் வேலை. அவை 2021 முதல் இந்தியா ஆப்டெல் நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் போட்டிகளில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்த்துச் சுடுவதுதான் விதி. தூரம் மாறாத போட்டிக்கு இந்த அட்டவணை எல்லாம் தேவையும் இல்லை.

லே நகரத்தில் என்ன ஆகும்?

இப்போது ஜி1 கட்டத்துக்குப் போங்கள். லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். ஆகவே குண்டின் வேக இழப்பும் 1 சதவீதத்துக்குப் பதில் 0.7 சதவீதம். 0.993 என்று டைப் செய்து என்டர் தட்டவும். அறுபது வரிசைகளும் ஒரே நொடியில் மாறும். 500 மீட்டருக்கு 4.64 மில் இருந்த இடத்தில் இப்போது 4.08. வித்தியாசம் அரை மில்லுக்குச் சற்று மேல், 500 மீட்டரில் 28 செ.மீ. சமவெளிக்காகச் செதுக்கிய "500" கோட்டை அங்கே நம்பினால் குண்டு அந்த அளவு மேலே போகும். மில் ரெட்டிகிள் வைத்திருப்பவர் அட்டவணையை மட்டும் மாற்றிக்கொள்வார்.

எதை வாங்குவது என்று கேட்டால் என் பதில் மில் ரெட்டிகிள்தான். ஒரே இடம், ஒரே குண்டு, 300 மீட்டருக்குள் என்றால் பி.டி.சி.யும் போதும்.

ஜூம் செய்தால் கோடும் பெரிதாகுமா?

வாங்குபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டு நிமிட வேலை. பெயின்ட்டில் ஒரு படத்தைத் திறந்து, அதன் மேலேயே ஒரு கோடு வரையவும். பிறகு ஒரு சிறு செல்லோடேப் துண்டில் ஸ்கெட்ச் பேனாவால் அதே நீளத்துக்குக் கோடு போட்டு, மானிட்டர் கண்ணாடியில் ஒட்டவும் (மெதுவாக, எல்.சி.டி. திரை என்றால் விரலால் அழுத்த வேண்டாம்). இப்போது படத்தை 200 சதவீதம் ஜூம் செய்யவும். படத்துக்குள் வரைந்த கோடு படத்தோடு சேர்ந்து பெரிதாகும். டேப்பில் உள்ள கோடு அப்படியே நிற்கும்.

முதல் வகைக்கு ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் என்று பெயர். எந்த ஜூமிலும் ஒரு மில் ஒரு மில்தான். இரண்டாவது செகண்ட் ஃபோகல் பிளேன். இதில் கோடுகள் ஒரே ஒரு ஜூமில்தான் சரி, பெரும்பாலும் அதிகபட்ச ஜூமில். 10 மடங்கில் சரியாக இருக்கும் ஸ்கோப்பை 5 மடங்கில் வைத்துப் படித்தால், ஒரு மில் என்று நினைப்பது உண்மையில் இரண்டு மில். தூரக் கணக்கு இரு மடங்காகத் தவறும். விலை குறைந்த ஸ்கோப்புகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதில் குறையில்லை, எந்த ஜூமில் சரி என்று கையேட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, அலகுகள். சில ஸ்கோப்புகளில் கோடுகள் மில்லில் இருக்கும், திருகும் குமிழ் எம்.ஓ.ஏ.வில் இருக்கும். எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டரில் 2.9 செ.மீ. ஒரு மில் 3.44 எம்.ஓ.ஏ. குமிழ் கால் எம்.ஓ.ஏ. வீதம் நகர்ந்தால் ஒரு மில்லுக்குச் சுமார் 14 க்ளிக். அவசரத்தில் யார் இதைப் பெருக்குவது? இரண்டும் ஒரே அலகில் இருக்கும் ஸ்கோப்பைத் தவிர வேறு வாங்கக் கூடாது. இரண்டு அலகுகள் கலந்ததால் 1999-ல் நாசா ஒரு செவ்வாய் விண்கலத்தையே இழந்திருக்கிறது. மில்லிலும் ஒரு சிறு வம்பு உண்டு. ஒரு முழு வட்டத்தில் நிஜமாக 6,283 மில்லிரேடியன். நேட்டோ படைகள் 6,400 என்றும் ரஷ்யர்கள் 6,000 என்றும் எளிமையாக்கிக்கொண்டார்கள்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

ஸ்கேல் சோதனையில் 10-ஐ 9 என்று படித்தது நினைவிருக்கிறதா? அதையே ஸ்கோப்பில் செய்து பார்ப்போம். இலக்கு 50 செ.மீ. சதுரத் தகடு, நிற்பது 500 மீட்டரில். சூத்திரப்படி அது சரியாக 1 மில் தெரிய வேண்டும். பார்ப்பவர் 0.9 என்று படித்துவிடுகிறார். தூரம் 556 மீட்டர் என்று விடை வருகிறது. அட்டவணையில் 550-க்கும் 560-க்கும் நடுவே பாருங்கள், 5.52 மில். சரியான விடை 4.64. அவர் 0.88 மில் அதிகமாக உயர்த்திப் பிடிக்கிறார். 500 மீட்டரில் அது 44 செ.மீ. தகட்டின் நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை உள்ள உயரமே 25 செ.மீ.தான். குண்டு தகட்டின் மேலாகப் பறந்துவிடும், பின்னால் என்ன இருக்கிறதோ அதில் போய் விழும். எக்ஸெல் தவறு செய்யவில்லை. ரெட்டிகிளும் தவறு செய்யவில்லை.

இதே சோதனையை 200 மீட்டரில் செய்து பாருங்கள். அதே தகடு 2.5 மில் தெரியும், அதை 2.4 என்று படித்தால் தூரம் 208 மீட்டர். அட்டவணையில் 200-வது மீட்டரையும் 210-வது மீட்டரையும் ஒப்பிட்டு, தகட்டில் எத்தனை செ.மீ. தள்ளிப் படும் என்று நீங்களே கணக்கிடவும். ஷீட்டைச் சேமிக்கும்போது ஜி1-ல் 0.99 திரும்ப வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு சேவ் கொடுக்கவும்.